கோட்டைக்கு வடக்கே இருந்து சென்னைப் பல்கலைக்கழகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் மே, ஜூன் மாதங்களின் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என் வழக்கம். பெரும்பாலும் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். கூட வரும் அப்பாவோ அத்தையோ, விண்ணப்பத்தை விட்டுவிட்டு என்னிடம் வேறு கேள்விகள் கேட்பார்கள்: கவர்னருக்கு அங்கே என்ன வேலை, இந்தப் பக்கம் ஏன் கல்லூரிகள் குறைவு, அது அரசுடையதா இல்லையா. அப்படி வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னைப் பல்கலைக்கழகம் அரசுடையதா, தனியா?

சட்டத்தால் பிறந்தது. 1857 செப்டம்பர் 5 அன்று, அப்போதைய இந்திய சட்டமன்றக் கவுன்சில் இயற்றிய சட்டத்தின்படி உருவானது. இன்று அதை நடத்துவது 1923ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு வந்த திருத்தங்களும். அரசின் நிதியுதவி உண்டு. உயர்கல்விச் செயலர் போன்ற அரசு அதிகாரிகள் பதவி வழியாகவே சிண்டிகேட்டில், அதாவது அதன் ஆட்சிக் குழுவில், உட்காருகிறார்கள். ஆனால் அரசுத் துறை அல்ல. தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும், தன் பெயரில் வழக்குப் போடும், சில சமயம் அரசின் மீதே போடும்.

இந்த இரண்டுங்கெட்டான் நிலை வெறும் ஏட்டு விவகாரம் அல்ல. 2024இல் வருமான வரித் துறை 400 கோடி ரூபாய்க்கும் மேல் வரி பாக்கி என்று சொல்லி அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. அரசுப் பணத்தில் பெருமளவு நடக்கும் கல்வி நிறுவனத்துக்கு வரி விலக்கு உண்டு. மொத்தச் செலவில் அரசின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டால் அந்த விலக்கு எப்படிப் பொருந்தும் என்பதுதான் சிக்கல். பெற்றவர் செலவுக்குக் கொடுப்பதைக் குறைத்தார். அதனாலேயே அவர் பிள்ளை இல்லை என்று மூன்றாம் ஆள் கணக்கு எழுதினார்.

இதைக் கேட்டு வாங்கியது யார்? வெள்ளைக்காரன் தானாகவே கொடுத்தானா?

கேட்டு வாங்கியதுதான். 1839 நவம்பர் 11 அன்று, சுமார் 70,000 பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் போனது. நகரத்துக்கு ஓர் ஆங்கிலக் கல்லூரி வேண்டும் என்பது கோரிக்கை. முன்னின்றவர் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன். அரசின் வழக்கறிஞரே அரசிடம் மனுக் கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள்.

மனுவின் பயனாக 1841இல் ஓர் உயர்நிலைப் பள்ளி வந்தது. அதுதான் வளர்ந்து மாநிலக் கல்லூரியானது. பல்கலைக்கழகம் வர மேலும் பதினாறு ஆண்டுகள்.

இதே நார்ட்டனுக்கு நம் பக்கத்திலும் ஒரு பங்கு உண்டு. 1794இல் காலமான பச்சையப்ப முதலியார் தர்மத்துக்கு எழுதிவைத்த பணம் வாரிசு வழக்குகளில் மாட்டிக் கிடந்தது. அதை நீதிமன்றம் வழியாக மீட்பதில் நார்ட்டன் முக்கியமானவர். அந்தப் பணத்தில் 1842 ஜனவரி 1 அன்று, அப்போது பிளாக் டவுன் என்று அழைக்கப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனில் ஒரு பள்ளி திறந்தார்கள். என்.எஸ்.சி. போஸ் சாலையில் கிரேக்கக் கோயில் போலத் தூண்களோடு நிற்கும் பச்சையப்பன் மண்டபம் 1850இல் எழுந்தது. இன்று அதன் முன்னால் கடைகளும் வண்டிகளும் மறைத்திருப்பதால், தினமும் அந்த வழியே போகிறவர்களில் பாதிப் பேர் தலையைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கவர்னர் ஏன் வேந்தர்?

1857 முதலே அப்படித்தான். முதல் வேந்தர் கவர்னர் ஹாரிஸ் பிரபு. முதல் துணைவேந்தர் தலைமை நீதிபதி கிறிஸ்டோபர் ராலின்சன். கோட்டையும் கோர்ட்டும் சேர்ந்து பாடம் நடத்தக் கிளம்பிய கதை. உண்மையில் பாடம்கூட நடத்தவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்ததால், தொடக்கத்தில் வேலை தேர்வு வைப்பதும் பட்டம் கொடுப்பதும் மட்டுமே. அரசு அலுவலகங்களுக்கு ஆங்கிலம் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். யார் தகுதியானவர் என்று முத்திரை குத்த ஓர் இடம் தேவைப்பட்டது. முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தார்: சி.வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும். தாமோதரம் பிள்ளை பிறகு தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். குத்தின முத்திரை குத்தினவர்கள் எண்ணாத இடத்துக்கும் போயிற்று என்பதற்கு அவர் சாட்சி.

கவர்னர் வேந்தராக இருப்பது சட்டப்படியே இன்றுவரை தொடர்கிறது. கல்வி அமைச்சர் இணைவேந்தர்.

ராமானுஜன் துறைமுகத்தில் வேலை பார்த்தவர்தானே? பட்டம் இல்லாதவருக்குப் பல்கலைக்கழகம் எப்படிப் பணம் கொடுத்தது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு எப்போதும் பிடிக்கும். அரசும் பல்கலைக்கழகமும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பது இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரியாது.

ராமானுஜன் பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ., அதாவது இளங்கலைக்கு முந்தைய படிப்பு, படித்துத் தேறவில்லை. கணக்கில் கவலை இல்லை, மற்றப் பாடங்கள் காலை வாரின. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். குடியிருந்தது ஜார்ஜ் டவுனில், சைவ முத்தையா முதலி தெருவில். வீட்டில் இருந்து துறைமுக அலுவலகத்துக்கு நடந்தே போய்விடலாம். அங்கே அவருக்கு மேலே இருந்தவர் எஸ். நாராயண ஐயர், கணிதம் படித்தவர். அவருக்கும் மேலே தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங், பொறியாளர். கணக்குப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று கவலைப்படும் மேலதிகாரிகள் அமைவதும் ஒரு கொடுப்பினைதான்.

1913 மே மாதம் முதல் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. முதுகலைப் பட்டம் உள்ளவருக்கான தொகை அது. இவரிடம் இளங்கலையே இல்லை. விதியைத் தள்ளிவைத்துக் கொடுத்தார்கள்.

மறு ஆண்டு கேம்பிரிட்ஜுக்கு அனுப்ப வேண்டும் என்ற பேச்சு வந்தபோது பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு தர முன்வந்தது. ஆனால் அந்தப் பணத்தைத் தன் விருப்பப்படி எடுத்துக் கொடுக்க அதற்கு அதிகாரம் இல்லை. அரசின் ஒப்புதல் வேண்டும். அப்போது துறைமுகத் தலைவர் ஸ்பிரிங் பேனாவை எடுத்தார். கவர்னரின் தனிச் செயலருக்கு 1914 பிப்ரவரியில் அவர் எழுதிய கடிதத்தின் சாரம்: பல்கலைக்கழகம் அனுமதி கேட்டு வரப்போகிறது, கவர்னர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கவர்னர் பென்ட்லண்ட் பிரபு, அவரேதான் வேந்தரும். ஒப்புதல் கிடைத்தது. 1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் கப்பல் ஏறினார், தான் கணக்கெழுதிய அதே துறைமுகத்தில்.

எழுத்தர், துறைமுகத் தலைவர், சிண்டிகேட், கவர்னர் மாளிகை. கோப்பு ஓர் இடத்தில் தேங்கியிருந்தால் கதை வேறு. கோப்பைத் தேங்க வைப்பதற்கு அப்போதும் நிறைய வழி இருந்தது.

பட்டதாரிகளுக்குத் தனி ஓட்டு இருந்ததாமே?

இருந்தது. பல்கலைக்கழகமே ஒரு தொகுதி. 1892ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் சட்டமன்றக் கவுன்சிலுக்கு ஆள் பரிந்துரைக்கும் உரிமை செனட்டுக்கு, அதாவது பல்கலைக்கழகப் பேரவைக்கு, கிடைத்தது. 1920க்குப் பிறகு பதிவு செய்த பட்டதாரிகள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். சத்தியமூர்த்தி 1923இல் சட்டமன்றத்துக்குப் போனது இந்தத் தொகுதியில் இருந்துதான். 1937இல் ராஜாஜி நின்று வென்றதும் இதே தொகுதிதான். அதாவது மாகாணத்தின் பிரதமரை (இன்றைய முதலமைச்சர் பதவிக்கு அன்றைய பெயர்) உள்ளே அனுப்பியவர்கள் எந்த ஊர்க்காரர்களும் அல்ல, பட்டம் வாங்கியவர்கள்.

யார் அந்தப் பட்டதாரிகள்? 1914 கணக்கைப் பாருங்கள். பதிவு செய்த பட்டதாரிகள் 650 பேர். அவர்களில் பிராமணர் 452, பிராமணர் அல்லாத இந்துக்கள் 124, மற்றவர்கள் 74. இந்த மூன்று எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால், அதற்கு அடுத்த முப்பது ஆண்டு தமிழக அரசியலைப் புரிந்துகொள்ளப் பாதி வழி போய்விடலாம். கொருக்குப்பேட்டையிலோ காசிமேட்டிலோ அன்று அந்த ஓட்டு எத்தனை பேருக்கு இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

விடுதலைக்குப் பின்னும் இந்த வழக்கம் வேறு உருவில் இருந்தது. சட்ட மேலவையில் பட்டதாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் தனித் தொகுதிகள். 1986 நவம்பர் 1 அன்று மேலவையே ஒழிக்கப்பட்டது. 2010இல் மீண்டும் கொண்டுவரும் முயற்சி நடந்தது. ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டது.

சட்டமன்றம் பல்கலைக்கழகக் கட்டடத்தில் கூடியது உண்மையா?

உண்மை. 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி மாகாணத்துக்கு இரண்டு அவைகள் வந்தபோது உட்கார இடம் போதவில்லை. 1937 ஜூலை முதல் டிசம்பர் வரை சட்டமன்றம் சேப்பாக்கம் செனட் இல்லத்தில் கூடியது. பிறகு விருந்து மண்டபத்துக்கு, இன்றைய ராஜாஜி மண்டபத்துக்கு, மாறியது. பல்கலைக்கழகத் தொகுதியில் வென்றவர் பிரதமராகி, பல்கலைக்கழக மண்டபத்திலேயே உட்கார்ந்து ஆட்சி செய்த ஆறு மாதம் அது. பட்டமளிப்பு விழாவுக்குக் கட்டிய கூடத்தில் வரவு செலவுத் திட்டம் பேசினார்கள்.

தியாகராயர் இதில் எங்கே வருகிறார்? எங்கள் கல்லூரிக்கு அவர் பெயர் இருக்கிறதே.

பிட்டி தியாகராயச் செட்டியார் மாநிலக் கல்லூரியில் படித்த பட்டதாரி. படித்துவிட்டு வேலை தேடிக் கோட்டைக்குப் போகாமல், வண்ணாரப்பேட்டையில் தறி போட்டார். சென்னை மாநகராட்சியில் நாற்பது ஆண்டு உறுப்பினர். 1920இல் அதிகாரி அல்லாத முதல் தலைவர். அந்த ஆண்டுதான் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கியது. நீதிக் கட்சி வென்றபோது முதலமைச்சர் பதவி அவர் வாசலுக்கு வந்தது; வேண்டாம் என்றுவிட்டார்.

1916 டிசம்பரில் அவர் வெளியிட்ட பிராமணர் அல்லாதார் அறிக்கை அரசு வேலையையும் கல்வியையும் பற்றியது. பட்டம் யாரிடம் இருக்கிறதோ பதவி அவரிடம் இருக்கிறது என்பதே அதன் அடிப்படைக் குறை. அவர் கட்சி ஆட்சிக்கு வந்து, கல்வி அமைச்சர் ஏ.பி. பாத்ரோ காலத்தில்தான் 1923ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறியது. தேர்வு மட்டும் வைத்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகம் தானே துறைகள் அமைத்துப் பாடம் நடத்தவும் ஆய்வு செய்யவும் அந்தச் சட்டம் வழி விரித்தது.

மதிய உணவுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இன்னொரு முடிச்சும் உண்டு. காமராசர் காலத்தில் மதிய உணவை மாநிலம் முழுக்கக் கொண்டு சென்ற பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு 1969இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார்.

இந்தப் பக்கம் ஏன் கல்லூரிகள் குறைவு?

இருந்தவை போய்விட்டன என்பதே நேரான பதில். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கிறித்துவக் கல்லூரி 1937இல் தாம்பரம் போனது. பச்சையப்பன் கல்லூரி 1940இல் சேத்துப்பட்டுக்குப் போனது. பாரிமுனையைச் சுற்றி இருந்த இரண்டு பெரிய கலைக் கல்லூரிகளும் மூன்றே ஆண்டில் மூட்டை கட்டின. விசாலமான இடம் வேண்டும் என்ற அவர்களின் நியாயம் புரிகிறது. எங்கள் தாத்தா தலைமுறைக்கு அந்த விசாலம் எட்டவில்லை, அவ்வளவுதான். சட்டக் கல்லூரியும் 2018இல் உயர் நீதிமன்ற வளாகத்தை விட்டுப் போய்விட்டது.

பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயர் கல்லூரி 1950இல் வந்தது. பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி 1964இல். வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரி. மூன்றும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ளவை. பாரதி கல்லூரி வந்த பிறகுதான் பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் பேச்சே எங்கள் தெருவில் எழுந்தது என்று என் அத்தை சொல்வார். நடந்து போகும் தூரம் என்பதால் அப்பாவுக்கு மறுக்கக் காரணம் கிடைக்கவில்லையாம்.

இன்னொரு வாசலையும் சொல்ல வேண்டும். 1981இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி. துறைமுகத்திலும் எண்ணூர்த் தொழிற்சாலைகளிலும் ஷிப்ட் பார்த்தவர்கள் பட்டம் வாங்கியது அந்த வழியில்தான். எங்கள் பக்கத்து வீட்டில் பழுப்பு உறையில் பாடம் வரும். இரவு ஷிப்ட் முடித்து வந்த மனிதர் அதைக் கத்தரிக்காமல், நீராவியில் காட்டிப் பிரிப்பார். உறை வீணாகக் கூடாது. அதன் உட்பக்கத்தில்தான் அவர் குறிப்பு எழுதிப் படித்தார்.

ஸ்டான்லியில் படித்தால் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டமா?

முன்பு அப்படித்தான். 1988இல் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் செயல்படத் தொடங்கிய பிறகு மருத்துவக் கல்லூரிகள் அங்கே மாறிவிட்டன. பொறியியல் 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று, சட்டம் 1997இல் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு. இதற்கும் முன்பு மைசூர், ஆந்திரா, திருவிதாங்கூர் என்று ஒவ்வொன்றாகப் பிரிந்தன. ஒரு காலத்தில் தென்னிந்தியா முழுக்கத் தேர்வு வைத்த இடம், இன்று சென்னையையும் சுற்றியுள்ள மாவட்டங்களையும் பார்த்துக்கொள்கிறது.

மெட்ரிக் பள்ளி என்று ஏன் பெயர்?

இதுவும் பல்கலைக்கழகம் விட்டுச் சென்ற எச்சம். கல்லூரியில் நுழைவதற்குப் பல்கலைக்கழகம் வைத்த தேர்வின் பெயர் மெட்ரிகுலேஷன். பிறகு அரசு எஸ்.எஸ்.எல்.சி.யைக் கொண்டுவந்தபோதும், சில பள்ளிகள் பல்கலைக்கழகத்தின் மெட்ரிக் முறையிலேயே நின்றன. 1970களின் பிற்பகுதியில் அரசு தனி வாரியம் அமைத்து அவற்றைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. சமச்சீர் கல்வி வந்த பிறகு பாடத்திட்டமும் ஒன்றாகிவிட்டது. ஆனாலும் தண்டையார்பேட்டையில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு 'மெட்ரிக்' பலகை தொங்குகிறது. தேர்வு போய்விட்டது, கௌரவம் மட்டும் பலகையில் மிச்சம்.

எங்கள் வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று போட்டிருக்கிறார்கள். அதற்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூலகத்துக்கு ஒருவரை நியமித்தது. சீர்காழிக்காரர், மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார், எஸ்.ஆர். ரங்கநாதன். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவருக்கு ஒரே யோசனை: நூலகம் என்பது படித்தவர்களுக்கு மட்டும் அல்ல, தெருவுக்குத் தெரு வேண்டும், அதற்குச் சட்டமும் வரியும் வேண்டும். 1930களிலேயே மசோதா எழுதிக் கையில் வைத்துக்கொண்டு சுற்றினார். கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில், 1948இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் இதுவே முதல்.

அந்தச் சட்டப்படி, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலகத்துக்கு. மாநகராட்சி வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள். சேப்பாக்கம் வாசலை மிதிக்காதவரும் அந்தப் பல்கலைக்கழக நூலகர் கேட்ட காசை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டிக்கொண்டிருக்கிறார். கட்டுகிறீர்கள் அல்லவா, போய்ப் படியுங்கள். கிளை நூலகத்தில் மின்விசிறி ஓடவில்லை என்றால் கேளுங்கள், அது உங்கள் பணம்.

அரசுக்கு வேறு என்ன உதவி செய்திருக்கிறது?

இரண்டு மட்டும் சொல்கிறேன். 1915இல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களை அவரவர் ஊருக்கு அனுப்பி இருவேல்பட்டு, தூசி போன்ற கிராமங்களைக் கணக்கெடுக்கச் செய்தார். யாரிடம் எவ்வளவு நிலம், எவ்வளவு கடன் என்று. இருபது ஆண்டு கழித்து அதே ஊர்களுக்கு மீண்டும் போனார்கள்.

அடுத்தது தமிழ்ப் பேரகராதி. 1913இல் வேலை தொடங்கி, ஆறு தொகுதிகள் 1924 முதல் 1936 வரை வெளிவந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். 1926 முதல் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை. அதன் மேல் ஆயிரம் குறை சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் சொல்லுக்குச் சண்டை வரும்போது எல்லாரும் போய் நிற்பது அதன் முன்னால்தான்.

துணைவேந்தர் நியமனத்தில் என்ன தகராறு?

தேடல் குழு பெயர் தரும், வேந்தர் நியமிப்பார் என்பது பழைய முறை. 2022இல் சட்டமன்றம் அந்த அதிகாரத்தை மாநில அரசுக்கு மாற்ற மசோதாக்கள் நிறைவேற்றியது. ஒப்புதல் கிடைக்காமல் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இதற்கிடையே சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி 2023 ஆகஸ்டில் காலியானது. உயர்கல்விச் செயலர் தலைமையிலான குழு நிர்வாகத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. பட்டச் சான்றிதழில் துணைவேந்தர் கையெழுத்து வேண்டும். கவர்னர் மாளிகைக்கும் கோட்டைக்கும் நடக்கும் இழுபறி, கடைசியில் வேலைக்கு நேர்காணல் போகும் பிள்ளையின் கோப்பில் வந்து விடிகிறது. எந்தப் பக்கம் நியாயம் என்று என்னிடம் கேட்டால் கருத்து உண்டு. ஆனால் இரண்டு பக்கமும் காலி நாற்காலியைப் பற்றி அவசரப்படவில்லை என்பதுதான் என் முதல் வருத்தம்.

ஊர் சென்னை ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் இன்னும் மெட்ராஸ் என்றே இருக்கிறதே?

1996இல் நகரத்தின் பெயர் மாறியபோது பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயர் மாறவில்லை. உயர் நீதிமன்றத்தின் பெயரும் அப்படித்தான். தமிழில் இரண்டும் சென்னைதான்.

செனட் இல்லத்தை நேரில் பார்க்க எப்படிப் போவது?

ராயபுரத்தில் ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்குங்கள். அங்கே பறக்கும் ரயிலில் மாறினால் சேப்பாக்கம். நிலையத்தில் இருந்து கடலை நோக்கி நடந்தால் போதும். ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1874 முதல் 1879 வரை கட்டிய செம்மண் நிறக் கட்டடம், நான்கு மூலையிலும் கோபுரம். பக்கத்திலேயே சேப்பாக்கம் அரண்மனையும் எழிலகமும். அவை முழுக்க அரசு அலுவலகங்கள். வருவாய்த் துறையில் வேலை இருந்தால் அதையும் அன்றே முடித்துக்கொள்ளலாம். சான்றிதழ் வேலையாகப் போகிறவர்கள் மூலச் சான்றிதழோடு இரண்டு நகல் எடுத்துப் போங்கள். காலையில் சீக்கிரம் கிளம்புவது நல்லது, வரிசை நீளும்.